இரண்டு சளி டப்பாக்கள்

எனக்கும் என் மனைவிக்கும் ஒரே வாரத்தில் காசநோய் என்று உறுதியானது. இதைச் சொன்னால் கேட்பவர்கள் "அடப் பாவமே" என்பார்கள். அந்தப் பாவத்துக்குள் நடந்த ஒன்றை நான் யாரிடமும் சொன்னதில்லை. ஒரே நோய், ஒரே மாத்திரை, ஒரே வீடு. அதிலும் நான் அவளைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன். வயிறு எரிந்து பொறாமைப்பட்டேன்.

முதலில் இருமியவன் நான்தான். ஆம்பூரில் ஒரு தோல் ஃபினிஷிங் யூனிட்டில் தரம் பார்க்கும் வேலை எனக்கு. முடிந்து வரும் தோலை மேசைமேல் விரித்து, வெள்ளைக் கம்பளித் துண்டால் தேய்த்து, சாயம் ஒட்டுகிறதா என்று பார்க்க வேண்டும். உலர்ந்த துண்டால் ஒரு முறை, ஈரத் துண்டால் ஒரு முறை. ஒட்டினால் திருப்பி அனுப்பிவிடுவேன். ஸ்ப்ரே வாசனையும் தூசும் பழகிய மூச்சு என்பதால் இருமலை நான் மதிக்கவே இல்லை. மெடிக்கலில் டானிக் வாங்கிக் குடித்தேன். கொரோனாவாக இருக்குமோ என்று மூக்கில் குச்சி விட்டுப் பார்த்தார்கள். வைரஸ் எதுவும் இல்லை. மூன்று வாரம் போனது. சாயங்காலமானால் காய்ச்சல், இடுப்பில் நிற்காத பேன்ட். அப்புறம்தான் ஆஸ்பத்திரியில் என் சளியை ஒரு மெஷினில் வைத்து, இது பாக்டீரியா வேலை, டிபி என்றார்கள். வீட்டில் இருப்பவர்களையும் கூட்டி வரச் சொன்னார்கள். இரண்டு வாரமாக லேசாக இருமிக்கொண்டிருந்த அவளுக்கும் இருந்தது. நான்கு வயதுப் பாப்பாவுக்கு இல்லை. தடுப்பு மாத்திரை மட்டும் கொடுத்தார்கள்.

பாப்பாவை எங்கேயும் அனுப்ப வேண்டியதில்லை, மாஸ்க் போட்டுக்கொண்டு ஜன்னலைத் திறந்து வைத்து, மாத்திரையை ஒழுங்காகப் போட்டால் போதும் என்றுதான் டாக்டர் சொன்னார். என் மனைவிக்கு மனசு கேட்கவில்லை. அரக்கோணத்தில் இருக்கும் அவளுடைய அக்கா வந்து பாப்பாவைக் கூட்டிப் போனாள். அக்கா வீட்டுக்காரர், அதாவது என் சகலை, ரயில்வேக்காரர். எதற்கும் காகிதம் கேட்கிற மனிதர். அவர் போனில் தெளிவாகச் சொல்லிவிட்டார்.

"ரெண்டு மாசம் முடிஞ்சா சளி டெஸ்ட் இருக்குதுல்ல? யாருக்கு க்ளியர்னு பேப்பர் வருதோ அவங்க வந்து பாப்பாகூட தங்கட்டும். வராதவங்க அப்புறமா வரட்டும். தப்பா எடுத்துக்காத."

தப்பாக எடுத்துக்கொள்ள அதில் ஒன்றுமில்லை. ஆனால் அன்றைக்கே அது எனக்குப் பந்தயமாகிவிட்டது. எதிரில் ஓடுகிறவள் என் மனைவி என்பதும், அவள் ஓடிக்கொண்டிருப்பதே அவளுக்குத் தெரியாது என்பதும் எனக்கு உறைக்கவில்லை.

ஆஸ்பத்திரி லேபில் ஒரு டெக்னீஷியன் இருந்தார். எல்லோருக்கும் அவர் பாய்தான். நான் தோல் பக்கம் என்று தெரிந்ததும் ஒரு நாள் கூட்டம் குறைந்த நேரத்தில் கூப்பிட்டு, மைக்ராஸ்கோப்பில் பார்க்கச் சொன்னார். என்னுடைய ஸ்லைடுதான் அது.

"சாயம் ஒட்டுதா பாக்குறவருதான நீங்க? இதுவும் அதே கணக்குதான் அண்ணே. செவப்பு சாயத்த ஊத்தி சூடு காட்டுவோம். அப்புறம் ஆசிட் ஊத்தி கழுவுவோம். மத்த எல்லாத்துக்கும் சாயம் போயிடும். இவன் மட்டும் விட மாட்டான். மேல மெழுகு மாதிரி ஒரு தோலு இவனுக்கு."

நீல நிறத்துக்கு நடுவில் சின்னச் சின்னச் சிவப்புக் குச்சிகள். கொஞ்சம் வளைந்தவை, இரண்டு மூன்று சேர்ந்து கிடப்பவை. என் வேலைக்கு வந்திருந்தால் முதல் தரம் என்று பாஸ் பண்ணியிருப்பேன். அவ்வளவு பிடிவாதமான சாயம். பாய் இன்னும் சொன்னார். வயிற்றில் இருக்கிற சாதாரண பாக்டீரியா இருபது நிமிஷத்தில் ஒன்று இரண்டாகும். இந்தக் கிருமி ஒன்று இரண்டாக ஏறக்குறைய ஒரு நாள் எடுத்துக்கொள்ளும். அவசரமே இல்லாத ஜென்மம். அதனால்தான் அதைக் கொல்லவும் மாதக்கணக்கில் மாத்திரை வேண்டும்.

"எனக்கு எவ்ளோ பாய்?" என்று கேட்டேன்.

"உங்களுக்கு மூணு பிளஸ். ஜாஸ்திதான். உங்க வீட்டு அக்காவுக்கு ஒண்ணுதான். கம்மி."

அங்கே ஆரம்பித்தது. பள்ளிக்கூடத்தில் மார்க் குறைந்த பையன் போல் வீட்டுக்கு வந்தேன். அவளிடம் மூணு பிளஸ் என்று சொன்னேன். அவளுக்கு ஒன்று என்பதைச் சொல்லவில்லை.

மாத்திரையிலும் அவள்தான் முன்னால் நின்றாள். நான் ஒவ்வொன்றாக முழுங்கி, குமட்டி, பாதி நாள் வாந்தி எடுத்தேன். அவள் மொத்தத்தையும் உள்ளங்கையில் வைத்து ஒரே மடக்கில் அனுப்பிவிட்டு அடுப்பைப் பார்க்கப் போய்விடுவாள். சிறுநீர் சிவப்பாகப் போவதைப் பார்த்து நான் பயந்து பாய்க்குப் போன் செய்தேன். அவளோ மாத்திரையால் அப்படித்தான் போகும் என்று முதல் நாளே நர்ஸ் சொன்னதை நினைவில் வைத்திருந்து சிரித்தாள். எடை பார்க்க வருகிற சுகாதாரப் பணியாளர் அம்மா என் மனைவியைப் பார்த்து, "முகமே தெளிஞ்சிடுச்சும்மா" என்பார். என்னைப் பார்த்து, "நீங்க நல்லா சாப்புடணும் சார்" என்பார். இரண்டாவது மாதத்தில் அவளுக்கு இருமலே இல்லை. கன்னம் பூசினாற்போல் ஆகிவிட்டது. நான் மட்டும் படியேறினால் இருமி, படியிறங்கினால் இருமி, பக்கத்து வீட்டு நாய் கூட என் இருமலைக் கேட்டுத்தான் நேரம் தெரிந்துகொண்டது.

எல்லாவற்றையும் விட அந்த வீடியோ கால். தினமும் சாயங்காலம் அரக்கோணத்திலிருந்து பாப்பா வருவாள். அம்மாவிடம் பல்லைக் காட்டுவாள், வரைந்த படத்தைக் காட்டுவாள், பெரியம்மா வீட்டுப் பூனையைத் தூக்கிக் காட்டுவாள். நான் போனை வாங்கினால் இரண்டு நிமிஷம். அப்புறம், "அம்மாகிட்ட போன குடுப்பா." நான் இருமினால் திரையிலிருந்தே முகத்தைத் திருப்பிக்கொள்வாள். அதைத் தாங்க முடியவில்லை. குழந்தையிடம் கோபப்பட முடியாதே. அந்தக் கோபமெல்லாம் அவள் அம்மா பக்கம் போனது. என் மனைவி நன்றாகச் சாப்பிட்டால் எரிச்சல். அவள் பாட்டு முணுமுணுத்தால் எரிச்சல். ஒரு நாள் தட்டில் முட்டை அவளுக்குப் பெரியதாக விழுந்துவிட்டது என்று சோற்றைத் தள்ளிவிட்டு எழுந்தேன். முப்பத்தெட்டு வயது எனக்கு.

இரண்டு மாதம் முடிந்தது. மறுநாள் காலைச் சளியைக் கொண்டுவரச் சொல்லி பாய் இரண்டு டப்பா கொடுத்தார். எப்போதும் போல் பாடமும் நடத்தினார். எச்சில் வேண்டாம், நெஞ்சிலிருந்து வருகிற சளிதான் வேண்டும். வீட்டுக்குள்ளே இருமாதீர்கள், வெட்டவெளியில் இருமுங்கள். மூடிமேல் பேர் எழுதினால் மூடி மாறும்போது பேரும் மாறிவிடும், டப்பா மேல் எழுதுங்கள்.

காலையில் நாங்கள் மொட்டை மாடிக்குப் போனோம். கீழே ஷூ கம்பெனி பஸ் ஹாரன் அடித்துப் பெண்களை ஏற்றிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு மூலையில், முதுகைக் காட்டிக்கொண்டு நின்று இருமினோம். எனக்கு ஒரே இருமலில் டப்பாவுக்கு வேண்டிய அளவு வந்துவிட்டது. அவளுக்கு வரவே இல்லை.

"வர மாட்டேங்குதுங்க. எச்சில துப்பிடவா?"

"பாய் இன்னா சொன்னாரு? மூச்ச நல்லா இழுத்து மூணு வாட்டி விட்டுட்டு இருமு."

இருமிப் பார்க்கவே சளி இல்லாத நெஞ்சு! அவள் முயன்று முயன்று கடைசியில் சுண்டைக்காய் அளவு எடுத்தாள். அதை வைத்தே எனக்கு முடிவு தெரிந்துவிட்டது. அவள் க்ளியர். அரக்கோணத்துக்கு அவள்தான் போவாள். பாப்பா அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு தூங்குவாள். நான் இங்கே நாய்க்கு நேரம் சொல்லிக்கொண்டிருப்பேன்.

பேர் எழுதுவது என் வேலை. எங்கள் வீட்டில் கேஸ் புத்தகம் முதல் பாப்பாவின் நோட்டு வரைக்கும் என் கையெழுத்துதான். அவள் கை கழுவப் போனாள். மார்க்கரை எடுத்தேன். அவளுடைய டப்பாவில் என் பேரை எழுதினேன். என்னுடையதில் அவள் பேரை எழுதினேன். எழுத்து எப்போதும் போல் அழகாகவே விழுந்தது. அவளுக்குப் பாசிட்டிவ் என்று வந்தால் என்ன ஆகிவிடப் போகிறது, இன்னொரு முறை மெஷினில் பார்ப்பார்கள், அதில் க்ளியர் என்று வந்துவிடும், அதற்குள் நான் பத்து நாள் பாப்பாவோடு இருந்துவிட்டு வருவேன் என்று எனக்கே ஒரு சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் கழித்து ரிப்போர்ட் வாங்கப் போனோம். பாய் இரண்டு காகிதங்களையும் பார்த்துவிட்டு என் மனைவியிடம்தான் முதலில் பேசினார்.

"அக்காவுக்கு க்ளியர். ஒண்ணு கூட இல்ல. அண்ணனுக்குத்தான் இன்னும் காட்டுது. இது உயிரோட இருக்குதா செத்ததான்னு லென்ஸுல தெரியாது. வளத்துப் பாக்கணும், எந்த மருந்துக்கு அடங்குதுன்னும் பாக்கணும். பெரிய லேபுக்கு அனுப்பிடறேன். பேஜார் ஆவாதீங்க."

என் மனைவி சிரிக்கவில்லை. என் முகத்தைப் பார்த்தாள், அவள் முகம் சுருங்கிவிட்டது. என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தேன். என் பேரில் இருந்தது அவள் சளி. அதில் கிருமி இருக்கிறது. அவள் பேரில் இருந்தது என் சளி. அதில் ஒன்று கூட இல்லை. மூன்று பிளஸிலிருந்து ஒன்றுமில்லை! என் நெஞ்சு சுத்தம். இந்த இருமல் வெறும் பழைய புண்ணின் இருமல்.

முதலில் எனக்கு வந்தது சந்தோஷம். மறைக்கப் போவதில்லை. ஜெயித்துவிட்டேன் என்று குதிக்கத் தோன்றியது. குதிக்க வழியில்லை; கோப்பை அவள் கையில் இருந்தது. பாய் அவளைப் பாராட்டினார். நர்ஸ் அவளைப் பாராட்டினாள். சகலை வாட்ஸ்அப்பில் காகிதத்தைப் பார்த்துவிட்டு அவளுக்குக் கட்டைவிரல் காட்டினார். என் சளிக்கு வந்த பாராட்டையெல்லாம் அவள் வாங்கிக்கொண்டிருந்தாள். உலகத்தில் தன் சளியைப் பார்த்தே பொறாமைப்பட்ட ஒரே மனிதன் நானாகத்தான் இருப்பேன். அவள் நெஞ்சில் கிருமி இன்னும் இருக்கிறது என்பது அப்புறம்தான், வீட்டுக்குப் போகும் ஆட்டோவில்தான், எனக்குள் இறங்கியது.

சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. இரண்டு நாள் அவள் துணி மடித்து வைப்பதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மாஸ்க் போட்டுக்கொள்வாள், ஒரு வாரம்தானே, மாத்திரை உள்ளே போகிறதே என்று எனக்கு நானே வக்கீலாக வாதாடினேன். சொன்னால் அவள் என்னை எப்படிப் பார்ப்பாள் என்பதுதான் என் பயம். பாப்பாவின் நெஞ்சை விட அந்தப் பார்வை எனக்குப் பெரியதாகத் தெரிந்தது.

சனிக்கிழமை காலை ஆம்பூர் ஸ்டேஷனில் பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம். அவள் மடியில் பை. ரயிலுக்குக் கால் மணி நேரம் இருந்தது. அரக்கோணத்திலிருந்து வீடியோ கால் வந்தது. பாப்பா தலை வாரிக்கொள்ளாமல் நின்றிருந்தாள்.

"அம்மா, நீ வந்ததும் உன் மூஞ்சிமேல என் மூஞ்ச வெச்சிக்கினு தூங்குவேன். மாஸ்க் வேணாம். பெரியப்பா சொல்லிட்டாரு, பேப்பர் வந்துடுச்சின்னு."

"சரிடா கண்ணு" என்றாள் இவள்.

போனை வைத்ததும் சொல்லிவிட்டேன். அழகாகவெல்லாம் சொல்லவில்லை. டப்பாவில் பேரை மாற்றி எழுதியது நான், க்ளியர் எனக்கு, உனக்கு இன்னும் இருக்கிறது, போகாதே என்று ஒரே மூச்சில் கொட்டினேன். அவள் புரிந்துகொள்ளக் கொஞ்ச நேரம் ஆனது. பிறகு தாடையில் கிடந்த மாஸ்க்கை மூக்குக்கு மேல் இழுத்துக்கொண்டாள். பையைத் தூக்கிக்கொண்டு பெஞ்சின் அந்தக் கோடிக்கு நகர்ந்தாள்.

"நீங்க தள்ளியே உக்காருங்க. உங்களுக்குத்தான் க்ளியர் ஆயிடுச்சே. மறுபடி ஒட்டிக்கப் போவுது."

அவள் என்னைத் திட்டியிருந்தால் நான் அங்கேயே நிமிர்ந்திருப்பேன். திட்டு அப்புறம் வந்தது. ரயில் வந்து, நின்று, போன பிறகு வந்தது. "ஏன் பண்ணீங்க?" என்று கேட்டாள். பொறாமை என்றேன். வேறு சொல் கிடைக்கவில்லை. "எம்மேலயா?" என்று அவள் கேட்ட விதத்தில் கோபத்தை விட ஆச்சரியம்தான் இருந்தது. பிறகுதான் குரல் உயர்ந்தது. "அவ மூஞ்சிலயே மூச்சு விட்டிருப்பேனே! உங்க புள்ளதான அவ?" பிளாட்பாரத்தில் பூ விற்ற அம்மா திரும்பிப் பார்த்தாள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

நேராக ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் பாயிடம் எப்படிச் சொல்வது என்று நான் திணறிக்கொண்டிருக்க, உள்ளே நுழைந்ததும் அவளே முந்திக்கொண்டாள்.

"பாய், டப்பால பேர மாத்தி எழுதிட்டோம். அவருது என்னுது, என்னுது அவருது."

பாய் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். அவருக்குப் புரிந்திருக்கும் என்றுதான் நினைக்கிறேன். பெரிய லேபுக்கு என் பேரில் போன சளியைப் போனிலேயே நிறுத்தச் சொன்னார். புதிதாக இரண்டு டப்பா எடுத்து, இந்த முறை பேரை அவரே எழுதி, அவர் கண்ணெதிரே வெளியில் நின்று இரும வைத்தார். "அண்ணே, அந்த பேப்பர் அப்பிடியே போயிருந்தா அக்காவுக்கு வேண்டிய மருந்து உங்களுக்கு வந்திருக்கும். அக்காவுக்கு ஒண்ணும் வந்திருக்காது" என்றார்.

திங்கட்கிழமை உறுதியானது. நான் க்ளியர், அவள் இல்லை. அவள் சளி அவள் பேரிலேயே பெரிய லேபுக்குப் போனது. அடுத்த இரண்டு வாரம் அவள் என்னோடு தேவைக்கு மட்டும் பேசினாள். மாத்திரை போட்டாச்சா, பால் வந்துச்சா, அவ்வளவுதான். அக்காவிடம் ரிப்போர்ட் மாறிவிட்டது என்று மட்டும் சொன்னாள். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. பேப்பர் என் பேருக்கு வந்தும் அரக்கோணம் போக எனக்குக் கால் வரவில்லை.

பெரிய லேப் முடிவு வந்தது. நாங்கள் போட்டுக்கொண்டிருந்த மருந்துகளில் ஒன்றுக்கு அவள் நெஞ்சிலிருந்த கிருமி அடங்கவில்லை. முதலில் மெஷின் பார்த்தது வேறொரு மருந்துக்குத்தான், அதனால் அப்போது தெரியவில்லை. மருந்தை மாற்றி, புதிதாக ஆறு மாதம் என்றார் டாக்டர். என்னுடைய பழைய சளியையும் எடுத்துப் பார்த்திருந்தார்கள்; அது எல்லா மருந்துக்கும் அடங்குகிற வகை. "உங்ககிட்ட இருந்துதான் அவங்களுக்கு வந்துச்சுன்னு சொல்ல முடியாது. அவங்களது வேற எடத்துல புடிச்சதா இருக்கலாம். பஸ்ஸு, கடை, காத்து, எங்க வேணா" என்றார்.

இரண்டு மாதமாக அவளுக்குக் கொடுத்தவன் நான்தான் என்ற பாரம் நெஞ்சில் இருந்தது. அது இறங்கியதும் நிம்மதி வர வேண்டும். எனக்கோ அந்த இடத்தில் வேறொன்று வந்து உட்கார்ந்தது. அப்படியென்றால் யாரிடமிருந்து? யார் பக்கத்தில் உட்கார்ந்தாள்? யாரோடு நின்று பேசினாள்? டாக்டர் அறையிலேயே இந்த எண்ணம் வந்தது. பட்டும் திருந்தாத புத்தி. இந்த முறை வாயைத் திறக்காமல் மருந்துச் சீட்டை வாங்கிக்கொண்டு வந்தேன்.

அன்று சாயங்காலம் புது மாத்திரைகளை அவள் எண்ணி டப்பியில் போட்டுவிட்டு, என் பக்கம் திரும்பாமல் சொன்னாள்.

"நாளைக்கு நீங்க போங்க. ரெண்டு பேரும் போவாம இருந்தா அவ ஏங்கிப் போயிடுவா. அவளுக்கு மடிச்சி வெச்ச துணி அப்பிடியேதான் இருக்குது."

போனேன். ரயிலில் ஜன்னலோர இடம். இருமல் கூட அன்று வரவில்லை. நான் ஆசைப்பட்டது அத்தனையும் எனக்குக் கிடைத்திருந்தது. பேப்பர் என் பேரில், டிக்கெட் என் பேரில், பாப்பாவிடம் முதலில் போவது நான்.

அரக்கோணம் பிளாட்பாரத்தில் பெரியம்மாவின் கையை உதறிக்கொண்டு பாப்பா ஓடி வந்தாள். நான் குந்தி உட்கார்ந்து இரண்டு கையையும் விரித்தேன். வந்து என்மேல் மோதினாள். கழுத்தைக் கட்டிக்கொண்டாள். கட்டிக்கொண்டபடியே என் தோளுக்கு மேல் எட்டி, நான் இறங்கிய பெட்டியின் வாசலைப் பார்த்தாள்.

"அம்மா எறங்கலியாப்பா?"

அடுத்த முறை வருவாள் என்றேன். அவள் நம்பவில்லை. பெரிய பையை இறக்க நேரமாகிறது என்று நினைத்தாளோ என்னவோ, கண்ணை எடுக்காமல் பார்த்துக்கொண்டே இருந்தாள். ரயில் கிளம்பிப் போகும் வரைக்கும் என் கழுத்தை விடவில்லை, என் முகத்தையும் பார்க்கவில்லை.